நாலு மணி ஐந்து நிமிடக் கார்ட்டூன்: பழைய சேனல் அட்டவணைகளை மீட்கும் வேலை

1980-களின் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் டிவி பக்கத்தை விரித்தால், மற்ற சேனல்கள் எல்லாம் 4:00, 4:30 என்று போக, அட்லாண்டாவின் டிபிஎஸ் மட்டும் 4:05, 4:35 என்று நிற்கும். பழைய குழந்தைகள் நிகழ்ச்சி அட்டவணைகளைத் தொகுக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் முதல் நாளே இதை அச்சுப்பிழை என்று முடிவுகட்டி 4:00 என்று திருத்திவிடுவார்கள். அதோடு அந்த வாரத்துத் தரவு கெட்டது.

டிபிஎஸ்ஸின் உரிமையாளர் டெட் டர்னர் 1981 ஜூன் 29 முதல் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. பத்திரிகை அட்டவணைகள் நேரவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. நான்கு மணி என்ற தலைப்பின் கீழ் ஏகப்பட்ட நிகழ்ச்சிகள் நெருக்கியடிக்கும். 4:05 என்ற தனித் தலைப்பின் கீழ் டிபிஎஸ் மட்டும் தனியாகத் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. 4:35-க்கு ஒரு கார்ட்டூன் முடியும்போது மற்ற சேனல்களில் 4:30 நிகழ்ச்சி தொடங்கி ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். பிள்ளை எழுந்துபோய்ச் சேனல் மாற்றினால் பாதியில்தான் நுழைய வேண்டும். மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிடும்.

அட்டவணையில் கோணலாக எது தெரிந்தாலும் அவசரப்பட்டு நேராக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கோணலுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கணக்கு இருக்கும். குழந்தைகள் சேனல்களில் அந்தக் கணக்கு பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வரும்: செயற்கைக்கோளில் சேனல் போகும் தடத்தில் அது ஓடாத மறுபாதி நேரம் யாருடையது, அலமாரியில் எத்தனை எபிசோடுகள் இருக்கின்றன, பிள்ளைகள் எப்போது வீட்டில் இருக்கிறார்கள். கலை, கற்பனை, கல்வி எல்லாம் இந்த மூன்றும் விட்டுவைத்த இடத்தில்தான் நடந்தன.

தடத்தின் மறுபாதி

அமெரிக்கக் குழந்தைகள் சேனலான நிக்கலோடியனின் வேர் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருக்கிறது. வார்னர் கேபிள் நிறுவனம் 1977 டிசம்பர் 1-ல் அங்கே க்யூப் என்ற இருவழி கேபிள் சேவையைத் தொடங்கியபோது, அதன் சேனல்களில் ஒன்று சிறு பிள்ளைகளுக்காக 'பின்வீல்' என்ற நிகழ்ச்சியை ஓட்டியது. 1979 ஏப்ரல் 1-ல் அது செயற்கைக்கோளில் ஏறி நாடு முழுவதும் போனபோது நிக்கலோடியன் ஆனது. அப்போது விளம்பரமே கிடையாது. ஒரு நகரசபையிடம் கேபிள் உரிமம் கேட்டுப் போகும் நிறுவனத்துக்கு, 'குழந்தைகளுக்கென்றே விளம்பரமில்லாத சேனல் வைத்திருக்கிறோம்' என்று காட்ட உதவியது. வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இரவு அந்தத் தடம் சும்மா கிடக்கவில்லை. 1981 ஏப்ரல் முதல் நிக்கலோடியன் முடிந்த பிறகு ஆர்ட்ஸ் என்ற கலைச் சேனல் அதே தடத்தில் வந்தது. அது 1984-ல் இன்னொரு சேனலோடு இணைந்து ஏ அண்ட் இ ஆகி, பின்பு தனக்கென்று வேறு தடம் பார்த்துக்கொண்டு போனதும் இரவு காலியானது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1985 ஜூலை 1-ல் 'நிக் அட் நைட்' வந்தது. 1950-கள், 60-களின் பழைய குடும்பத் தொடர்களை மலிவாக வாங்கி இரவு 8 மணியிலிருந்து ஓட்டினார்கள். 'பெற்றோரும் சேர்ந்து பார்க்கட்டும்' என்ற நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு என்று சிலர் எழுதுவதுண்டு. முதலில் இருந்தது காலி நேரம். நல்லெண்ணம் பிறகு ஒட்டிக்கொண்டது.

தொகுப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 1981-லிருந்து 84 வரையிலான பத்திரிகைகளில் நிக்கலோடியன் கட்டத்தில் இரவு நாடகமோ பாலே நடனமோ தென்பட்டால், அது நிக்கலோடியன் நிகழ்ச்சி அல்ல. அந்த வேளையைத் தனிச் சேனலாகப் பதிவுசெய்யுங்கள். இன்னொரு தொல்லை உள்ளூர் கேபிள்காரர். பல ஊர்களில் பன்னிரண்டோ முப்பத்தாறோ சேனல்களுக்கு மேல் கம்பியில் இடம் இல்லை. அதனால் ஒரே எண்ணில் பகலில் ஒரு சேனல், இரவில் இன்னொன்று என்று அவரே வெட்டி ஒட்டுவார். ஒரு ஊர்ப் பத்திரிகையை மட்டும் நம்பினால், அந்த உள்ளூர் ஒட்டுவேலை தேசிய அட்டவணை மாதிரியே தோற்றமளிக்கும். குறைந்தது இரண்டு ஊர்ப் பத்திரிகைகள் ஒத்துப்போனால்தான் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

டிஸ்னி சேனல் வேறு ரகம். 1983 ஏப்ரல் 18-ல் மாதக் கட்டணச் சேனலாக, நாளுக்கு 16 மணி நேரம் மட்டும் தொடங்கியது. 24 மணி நேரமானது 1986 டிசம்பரில். சந்தாதாரர்களுக்கென்று அச்சிட்ட நிகழ்ச்சி இதழ் இருந்ததால், அந்தக் காலத்து டிஸ்னி அட்டவணையை மீட்பது நிக்கலோடியனைவிட எளிது. பிற்காலத்தில் சாதாரண கேபிள் தொகுப்புக்கு மாறிய பிறகும் வழக்கமான விளம்பரங்களை அது ஏற்கவில்லை. 22 நிமிட எபிசோடை அரைமணிக் கட்டத்தில் வைத்தால் எட்டு நிமிடம் மிஞ்சும். சொந்த முன்னோட்டங்கள், பாட்டு வீடியோக்கள், குட்டிக் குட்டித் துண்டுகள் அந்தச் சேனலில் மழைபோலக் கொட்டியதற்குக் காரணம் இந்த எட்டு நிமிடம்தான்.

இந்த எல்லைச் சண்டை இன்னும் ஓயவில்லை. கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2001 செப்டம்பர் 2-ல் வாரத்துக்கு இரண்டு இரவுகளாக ஆரம்பித்த பெரியவர்களுக்கான 'அடல்ட் ஸ்விம்', 2023-ல் மாலை 5 மணிக்கே உள்ளே வந்துவிட்டது. பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன், 2005 முதல் இந்த இரண்டையும் தனித்தனிச் சேனல்களாக எண்ணுகிறது. ஆகவே 2004-ன் கார்ட்டூன் நெட்வொர்க் எண்ணையும் 2006-ன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'சரிவு' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. அளவுகோலே மாறிவிட்டது.

அலமாரிக் கணக்கு

கார்ட்டூன் நெட்வொர்க் 1992 அக்டோபர் 1-ல் தொடங்கியபோது புதிதாகத் தயாரித்த கார்ட்டூன் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. இருந்தது அலமாரி. 1986-ல் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் பட நூலகத்தை, இந்தச் சேனலையும் நடத்திய டர்னர் வாங்கினார். அதில் டாம் அண்ட் ஜெர்ரி வந்தது, 1948 ஆகஸ்டுக்கு முந்தைய வண்ண லூனி டியூன்ஸும் பாப்பாயும் வந்தன. 1991-ல் ஹன்னா-பார்பெரா கார்ட்டூன் நிறுவனம் வந்தது. நாள் முழுக்க ஓட்டுவதற்கு இது போதும். ஆனால் எப்படி ஓட்டினார்கள் என்பதற்குக் கொஞ்சம் கூட்டல் பெருக்கல் வேண்டும்.

ஐந்து நாளும் ஒரே நேரத்தில் ஒரு தொடரை ஓட்டுவதை ஸ்ட்ரிப் என்பார்கள். 65 எபிசோடுகள் இருந்தால் சரியாக 13 வாரம், அதாவது ஒரு காலாண்டு. வருடத்துக்கு நான்கு சுற்று. 65 என்ற எண் தொழிலில் மந்திரம்போல ஆனது இதனால்தான். டிஸ்னி சேனல் தன் தொடர்களை 65-ல் நிறுத்தும் வழக்கம் வைத்திருந்ததும் பலருக்குத் தெரியும். இப்போது 'ஸ்கூபி-டூ, வேர் ஆர் யூ!' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-70-ல் வந்த அசல் தொடரில் 25 எபிசோடுகள்தான். ஸ்ட்ரிப்பில் ஐந்தே வாரத்தில் தீர்ந்துவிடும். ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் 166, முப்பத்துமூன்று வாரத்துக்கு மேல் தாங்கும். எனவே பத்திரிகையில் 'ஸ்கூபி-டூ' என்று மட்டும் இருந்து அது மாதக்கணக்காகத் தினமும் ஓடினால், அசல் தொடரோடு பிற்காலத்து ஸ்கூபி தொடர்களும் கலந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். அசல் தொடர் என்று எழுதுவதற்கு எபிசோடு பெயர் கையில் வேண்டும்.

சிறு படங்களின் நிலைமை இன்னும் மோசம். டாம் அண்ட் ஜெர்ரி திரையரங்குப் படங்கள் மொத்தம் 161: ஹன்னா-பார்பெரா எம்ஜிஎம்மில் எடுத்தவை 114, ஜீன் டைட்ச் 13, சக் ஜோன்ஸ் 34. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு நிமிடம். அரைமணிக்கு மூன்று போகும். பத்திரிகை 'டாம் அண்ட் ஜெர்ரி' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாது. எந்த மூன்று என்று காட்டும் பதிவு டேப் இல்லாவிட்டால் அதை மீட்க முடியாது. மீட்டதாகச் சொல்லும் பட்டியல்களைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

லூனி டியூன்ஸில் மட்டும் ஒரு நல்ல துப்பு உண்டு. 1948 எல்லைக்குப் பிந்தைய படங்கள் அவற்றை எடுத்த வார்னர் பிரதர்ஸிடமே இருந்தன. நிக்கலோடியன் 1988 முதல் 1999 வரை லூனி டியூன்ஸ் ஓட்டியது அந்தக் கையிருப்பிலிருந்து. அதே காலத்தில் டர்னர் சேனல்களில் முந்தையவை ஓடின. ஆகவே தேதியும் சேனல் முத்திரையும் இல்லாத ஒரு டேப் துண்டில் 1946-ன் வண்ண பக்ஸ் பன்னி வந்தால் டர்னர் பக்கம் சாயலாம். 1955-ன் படம் வந்தால் நிக்கலோடியன் பக்கம். இந்தப் பிரிப்பு 1996 அக்டோபர் வரைக்கும்தான் செல்லும். டர்னர் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்த பிறகு வேலி கரைந்துவிட்டது.

புதுத் தொடர்கள் வந்த பிறகும் அலமாரிப் பஞ்சம் போகவில்லை. 1991 ஆகஸ்ட் 11-ல் நிக்கலோடியன் தன் முதல் மூன்று சொந்தக் கார்ட்டூன்களை ஒரே நாளில் இறக்கியது: டக், ரக்ராட்ஸ், ரென் அண்ட் ஸ்டிம்பி. இதில் ரென் அண்ட் ஸ்டிம்பியின் முதல் பருவத்துக்குத் தேறியவை ஆறு எபிசோடுகள். ஆறையே சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அந்தப் பருவத்துக் கட்டங்களில் அந்தப் பெயர் ஐம்பது இடத்தில் வந்தாலும் புதிது என்று குறிக்கக்கூடியவை ஆறுதான். ரக்ராட்ஸ் கதை இதற்கு நேர்மாறு. 65 அரைமணிகளோடு தயாரிப்பு நின்றது. சில சிறப்பு நிகழ்ச்சிகள் நீங்கலாகப் புது எபிசோடே இல்லாத அந்த இடைக்காலத்தில்தான் மறுஒளிபரப்பால் அது பெரிதாக வளர்ந்தது, பிறகுதான் திரும்பத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். தொடரின் பெயரையும் 'முதல் ஒளிபரப்புத் தேதி'யையும் மட்டும் சேகரிக்கிறவர்கள் இந்த இடைக்காலத்தை வெற்றிடமாக விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் உண்மையில் பார்த்தது அந்த வெற்றிடத்தைத்தான்.

மறுஒளிபரப்பைப் பஞ்சத்துக்காகச் செய்யாமல் பிள்ளைகளின் கற்றலுக்காகவே செய்த இடமும் ஒன்று உண்டு. 1996 செப்டம்பரில் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்', திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே எபிசோடை ஐந்து நாளும் ஓட்டியது. மழலை வயதில் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் புரிதல் கூடுகிறது என்று அதன் ஆய்வுக் குழு சோதித்துப் பார்த்திருந்தது. இது தெரியாமல் அந்த வாரத்துப் பட்டியலைப் பார்த்தால், தரவை ஒட்டியவர் ஒரே வரியை ஐந்து தடவை ஒட்டிவிட்டார் என்று நினைத்து நான்கை அழித்துவிடுவோம்.

கட்டம் போடும் முறை

ஒரு வருடம், ஒரு 'காலம்' என்று இறங்க வேண்டாம். ஒரு வாரம் போதும். அரைமணிக்கு ஒரு கட்டம், நாளுக்கு 48, ஏழு நாளைக்கு 336. இந்த 336-ல் எவ்வளவு உறுதியாக நிரப்ப முடிகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வாரத்துக்குப் போகலாம். 'இந்த வருடம் வழக்கமாக எப்படி இருந்தது' என்று காட்டத் தேர்ந்தெடுக்கும் வாரத்தில் பள்ளி விடுமுறை நாள் விழக் கூடாது. நவம்பரின் நன்றி நவிலல் வாரம், டிசம்பர் கடைசி, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மூன்றாவது திங்கள் எல்லாம் ஒரே தொடரை மணிக்கணக்கில் ஓட்டும் மாரத்தான் நாட்கள். மார்ச் முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம் எங்கள் அனுபவத்தில் பத்திரமானவை. 2004-லிருந்து அக்டோபர் முதல் வாரத்திலும் ஒரு கண் வேண்டும். அந்த வருடம் அக்டோபர் 2, சனிக்கிழமை, 'வெளியே போய் விளையாடுங்கள்' என்று சொல்லி நிக்கலோடியன் மதியம் 12-லிருந்து 3 வரை ஒளிபரப்பையே நிறுத்திவைத்தது. பிற்பாடு அதை ஆண்டுதோறும் செய்தார்கள். அந்த ஆறு கட்டங்கள் காலியாக இருப்பதுதான் சரி.

அடுத்தது நேர மண்டலம். பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. பத்திரிகை உள்ளூர் நேரத்தில் அச்சிடும். நாடு முழுக்க ஒரே ஃபீட் (செயற்கைக்கோள் வழியே அனுப்பும் ஒளிபரப்பு) போகும் சேனலில், நியூயார்க்கில் மாலை 4 மணி நிகழ்ச்சி சிகாகோவில் 3 மணிக்கும் டென்வரில் 2 மணிக்கும் லாஸ் ஏஞ்சலிஸில் 1 மணிக்கும் வரும். கிழக்கு, மேற்கு என்று இரண்டு ஃபீட் வைத்திருந்த சேனலில் லாஸ் ஏஞ்சலிஸிலும் 4 மணிதான். ஒரு சேனல் எந்த மாதத்தில் இரண்டு ஃபீடுக்கு மாறியது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரே தேதியின் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகைகளை எடுத்து, தெளிவாக அடையாளம் தெரியும் ஒரு நிகழ்ச்சியின் நேரத்தை ஒப்பிட்டால் போதும். பிறகு எல்லாவற்றையும் கிழக்கு நேரத்துக்கு மாற்றுங்கள். மூல நேரத்தை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். மாற்றியதில் தப்பு நேர்ந்தால் திரும்பிப் போக வழி வேண்டுமே.

அரிசோனா பத்திரிகைகளை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அந்த மாநிலத்தின் பெரும்பகுதி கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை நகர்த்துவதில்லை. நாட்டின் மற்ற பெரும்பகுதியில் 1987 முதல் ஏப்ரல் முதல் ஞாயிறில் முன்னே தள்ளி அக்டோபர் கடைசி ஞாயிறில் பின்னே இழுத்தார்கள். 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஃபீனிக்ஸ் பத்திரிகையில் அந்த ஞாயிறுகளில் மொத்த அட்டவணையும் ஒரு மணி நேரம் நகரும். 'ஏப்ரலில் புது அட்டவணை வந்தது' என்று யாராவது எழுதியிருந்தால், அவர் ஆதாரம் ஃபீனிக்ஸா என்று முதலில் கேளுங்கள்.

நள்ளிரவு இன்னொரு பொறி. தொழிலில் ஒளிபரப்பு நாள் காலை 6-லிருந்து மறுநாள் காலை 6 வரை. 'சனி இரவு 12:30' என்பது நாட்காட்டியில் ஞாயிறு. சில பத்திரிகைகள் சனிக்கிழமைக் கட்டத்தின் கடைசியில் போடும், சில ஞாயிறின் தொடக்கத்தில் போடும். இரண்டு மூலங்களைச் சேர்க்கும்போது அந்த நிகழ்ச்சி இரண்டு இரவுகளில் வந்ததாக விழுந்துவிடும்.

அட்டவணை கோப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நெடுவரிசைகள் வையுங்கள்: அச்சில் சொன்னது, முன்னோட்டத்தில் சேனல் சொன்னது, டேப்பில் உண்மையில் ஓடியது. இந்த மூன்றையும் ஒன்றாக்கி 'இறுதி விடை' என்று ஒரு நெடுவரிசை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைக்காதீர்கள். டிவி பக்கங்கள் ஒளிபரப்புக்கு முன்பே அச்சுக்குப் போய்விடும். கடைசி நேர மாற்றம் அதில் ஏறாது. ஆகவே அச்சும் டேப்பும் முரண்பட்டால் இரண்டுமே உண்மை. ஒன்று திட்டமிட்டது, மற்றது நடந்தது.

தொடக்கத் தேதிகளிலும் இதே விஷயம்தான். 'ஸ்பாஞ்ச்பாப்' எப்போது தொடங்கியது? 1999 மே 1-ல் நிக்கலோடியனின் கிட்ஸ் சாய்ஸ் விருது விழாவுக்குப் பின்னால் ஒரு முன்காட்சி. முறைப்படியான தொடக்கம் ஜூலை 17. இரண்டு தேதிக்கும் ஆதாரம் இருக்கிறது, இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், இருவர் சொல்வதும் சரி. முன்காட்சி, முதல் ஒளிபரப்பு, வழக்கமான நேரத்தில் முதல் ஒளிபரப்பு என்று மூன்று தேதிகளுக்கு இடம் வைத்துவிட்டால் சண்டை முடிந்தது. எபிசோடு முடிவில் ரோமன் எண்ணில் வரும் ஆண்டு தயாரிப்பு ஆண்டு. அதை ஒளிபரப்பு ஆண்டாக எடுக்கவே கூடாது.

டேப் சொல்லும் சாட்சி

வீட்டில் பதிவான விஎச்எஸ் டேப்தான் இந்த வேலையில் தங்கம். டி-120 டேப் எஸ்பி என்ற இயல்பு வேகத்தில் 2 மணி நேரம், மெதுவான எல்பியில் 4, இன்னும் மெதுவான இபியில் 6. பிள்ளைகளுக்காகப் பதிந்தவை பெரும்பாலும் இபி. படம் மங்கல், ஆனால் ஆறு மணி நேர அட்டவணை ஒரே நீளத்தில் கிடைக்கும். அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த டேப்பை எடுத்தவுடன் ஓட்ட வேண்டாம். சிறு கண்ணாடிச் சன்னலில் வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் பிளேயரின் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் டேப்புக்கும் பரவும். பூஞ்சை இல்லை என்றால் ஒரு முறை கடைசி வரை சுற்றி, திரும்பச் சுற்றி, இழுவிசை சமமானபின் ஓட்டுங்கள். எஸ்-வீடியோ வெளியீடும், நடுங்கும் படத்தை நிலைப்படுத்தும் டைம் பேஸ் கரெக்டரும் இருந்தால் நல்லது. இழப்பில்லாத முறையில் கணினிக்கு மாற்ற மணிக்கு ஏறத்தாழ 30 ஜிபி தேவைப்படும். ஆறு மணி நேர டேப்புக்கு 200 ஜிபி காலி இடம் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

விளம்பரங்களை வெட்டாதீர்கள். எபிசோடு எங்கேயாவது டிவிடியில் கிடைக்கும். விளம்பர இடைவேளை வேறெங்கும் கிடைக்காது. தேதி கண்டுபிடிப்பதே அதிலிருந்துதான். 'இந்த வெள்ளி முதல் திரையரங்குகளில்' என்று ஒரு படத்தின் விளம்பரம் வந்தால் ஒரு வார எல்லைக்குள் நிற்கலாம். 'நாளை மாலை' என்று சேனல் தன் புது நிகழ்ச்சியைச் சொன்னால் ஒரே நாளுக்குள் நிற்கலாம்.

விளம்பரத்தின் நீளமும் பேசும். 1990-ன் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு உச்சவரம்பு வைத்தது: வார நாட்களில் மணிக்கு 12 நிமிடம், சனி ஞாயிறில் பத்தரை. கேபிளுக்கும் இது பொருந்தும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் கல்வி நிகழ்ச்சி என்று 1996-ல் வந்த விதி கேபிளுக்குப் பொருந்தாது. ஆன்டெனாவில் வரும் நிலையங்களுக்குத்தான். இதைக் குழப்பி எழுதியவை நிறைய. சரி, உச்சவரம்பு நமக்கு என்ன தரும்? கடிகாரத்தை வைத்து விளம்பரத்தை மட்டும் அளந்து, சேனலின் சொந்த முன்னோட்டங்களைக் கழித்துவிட்டு, முழு மணிக்கு பதினொன்றரை நிமிடம் வந்தால் அது வார நாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் வரம்பை மீறியவர்களும் உண்டு. 2004-ல் இதற்காகவே நிக்கலோடியனின் உரிமையாளர் வயாகாம் 10 லட்சம் டாலரும், ஏபிசி ஃபேமிலி சேனலுக்காக டிஸ்னி 5 லட்சம் டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன.

நம் பக்கத்தில் மாறும் விதிகள்

இந்தியாவுக்கு வந்தால் நேர மண்டலத் தலைவலி இல்லை. வேறு தலைவலிகள் உண்டு. கார்ட்டூன் நெட்வொர்க் 1995-ல் இங்கே வந்தபோது தனிச் சேனல் அல்ல. பகலில் கார்ட்டூன், அது முடிந்ததும் அதே தடத்தில் டர்னரின் இன்னொரு சேனலான டிஎன்டியின் பழைய ஹாலிவுட் படங்கள். 2001-ல்தான் இரண்டும் பிரிந்தன. கொலம்பஸில் பிறந்த சேனல் பட்ட பாடுதான் இங்கேயும். வேடிக்கை என்னவென்றால், பகலில் ஓடிய டாம் அண்ட் ஜெர்ரியும் இரவில் ஓடிய எம்ஜிஎம் படங்களும் 1986-ல் வாங்கிய அதே அலமாரியிலிருந்து வந்தவை.

ஒரே படம், பல மொழி ஒலித்தடங்கள் என்பது இந்தியக் குழந்தைகள் சேனல்களின் தனிக் குணம். இந்தி, தமிழ், தெலுங்கு எல்லாவற்றுக்கும் அட்டவணை ஒன்றே. அனலாக் காலத்தில் எந்த ஒலித்தடம் வீட்டுக்கு வரும் என்பதைக் கேபிள்காரர் தன் ரிசீவரில் தேர்ந்தெடுத்தார். ஒரு தெருவில் தமிழ், அடுத்த பேட்டையில் ஆங்கிலம் என்பதெல்லாம் சாத்தியம். எனவே 'அந்தத் தொடர் தமிழில் வந்ததா' என்ற கேள்விக்கு ஒருவருடைய நினைவு மட்டும் போதாது; எந்த ஊர், எந்த வருடம் என்று சேர்த்தே குறிக்க வேண்டும். சென்னைக்கு இன்னொரு குறிப்பும் சேரும். 2003 செப்டம்பர் 1-ல் அங்கே கட்டணச் சேனல்களை செட்-டாப் பாக்ஸ் வழியே மட்டும் தரும் சிஏஎஸ் முறை வந்து, செட்-டாப் பாக்ஸ் வாங்காத வீடுகளில் கட்டணச் சேனல்கள் நின்றன. அந்தக் காலத்துக்கு 'சேனல் ஒளிபரப்பியது' என்பதும் 'வீட்டில் தெரிந்தது' என்பதும் வேறு வேறு.

சுட்டி டிவி முழுக்கத் தமிழில் 2007 ஏப்ரல் 29-ல் தொடங்கியது. தேதியைப் பாருங்கள்: முழுப்பரீட்சை முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் வேளை. நிக்கலோடியன் தன் பெரிய தொடக்கங்களை ஜூலையிலும் ஆகஸ்டிலும் வைத்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே, வெயில் மாதம் மட்டும் வேறு. 'நைன்ட்டீஸ் கிட்ஸ்' பதிவுகளில் டோராவும் புஜ்ஜியும் தொண்ணூறுகளின் ஞாபகமாக வலம்வருவதை அடிக்கடி பார்க்கலாம். அமெரிக்காவிலேயே டோரா தொடர் வந்தது 2000 ஆகஸ்டில். சுட்டி டிவியோ 2007. தொண்ணூறுகளில் பிறந்த பிள்ளை பத்து வயதில் பார்த்ததைத் தொண்ணூறுகளில் பார்த்ததாக நினைவு மாற்றி வைத்துவிடுகிறது. நேர்காணல் எடுக்கும்போது 'எந்த வருடம்' என்று கேட்காமல் 'எத்தனாவது படிக்கும்போது' என்று கேளுங்கள். பதில் ஓரிரு வருடத்துக்குள் சரியாக நிற்கும்.

இங்குள்ள டேப்கள் 'பால்' (PAL) என்ற டிவி முறையில் பதிந்தவை. இ-180 என்றால் எஸ்பியில் 3 மணி நேரம், எல்பியில் 6. அமெரிக்க முறையான என்டிஎஸ்சி டேப்பை ஓட்டும் பிளேயரில் இதைப் போட்டால் படம் உருளும். பல முறைகளையும் ஆதரிக்கும் பிளேயர் தேடிப் பிடிக்க வேண்டும். கார்ட்டூன் என்று ஒட்டிய டேப்பை மட்டும் தேடினால் அதிகம் சிக்காது. கல்யாணம், காதுகுத்து கேசட்டுகளின் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். மிஞ்சிய இடத்தில் யாராவது டிவியைப் பதிந்து பார்த்திருப்பார்கள். எண்ணிம வடிவத்துக்கு மாற்றக் கடையில் கொடுக்கும்போது, 'நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்திவிடாதீங்க, டேப் தீரும் வரைக்கும் ஓட்டுங்க' என்று சொல்லிக் கொடுங்கள். ஸ்டிக்கரிலும் அதையே எழுதி ஒட்டுங்கள்.